பதிவேட்டில் ஒரு வரி

என் சித்தப்பா தீயணைப்புத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி, முன்னணித் தீயணைப்பாளராக ஓய்வு பெற்றவர். கொங்கு மண்டலத்தின் நான்கைந்து ஊர்களில் மாறி மாறி இருந்துவிட்டு, இப்போது காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். இந்தத் தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் ஒரு நாளிதழை நான்காக மடித்து எனக்காக எடுத்து வைத்திருந்தார். மாவட்டத்தின் தீயணைப்பு நிலையங்கள் முந்தைய ஆண்டில் எத்தனை அழைப்புகளுக்குச் சென்றன என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திய செய்தி அது. அவர் கடைசியாகப் பணியாற்றிய சிறிய நிலையம் அந்த வரிசையின் அடியில் இருந்தது.

"இதப் பாத்தா, அங்க இருக்கறவங்க சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறாங்கன்னு தானே கண்ணு படிக்கறவங்க நெனைப்பாங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம். ஊர் திரும்பிய பிறகு, பெரிய நகரங்களில் இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு மாதங்களாகக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அந்தப் படிப்பையும் சித்தப்பாவின் பேச்சையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் ஐ.இ. (தொழிற்பொறியியல்) பிரிவில் வேலை செய்பவன். தையல் லைன்களின் வேலைப்பளுவை அளப்பதும், ஒரு லைனை இன்னொரு லைனோடு ஒப்பிடுவதும் என் அன்றாடத் தொழில். ஒரு லைனில் முப்பது டைலர்கள் எட்டு மணி நேரத்தில் 1,200 டி-சர்ட் தைக்கிறார்கள், பக்கத்து லைனில் அதே முப்பது பேர் அதே நேரத்தில் 360 ஹூடி தைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பீஸ் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் லைனைத்தான் மெச்சுவார். ஆனால் ஒரு டி-சர்ட்டுக்கு ஸாம், அதாவது ஒரு பீஸைத் தைக்க நிர்ணயித்த நேரம், 6 நிமிடம், அந்த ஹூடிக்கு 24 நிமிடம் என்றால், முதல் லைன் ஈட்டியது 7,200 நிமிடம், இரண்டாவது லைன் ஈட்டியது 8,640 நிமிடம். இரண்டு லைன்களுக்கும் கையிலிருந்த நேரம் 14,400 நிமிடம் என்பதால், டி-சர்ட் லைனின் திறன் 50 விழுக்காடு, ஹூடி லைனின் திறன் 60 விழுக்காடு என்று கணக்கு தலைகீழாகிறது. பீஸ் கணக்கை வைத்து லைன்களை வரிசைப்படுத்தி ஒரு சூப்பர்வைசர் தாளை நீட்டினால், அதை நாங்கள் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. தீயணைப்பு நிலையங்களுக்கு மட்டும் அந்தப் பீஸ் கணக்கே போதும் என்று ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் அன்று திண்ணையில் என்னை உறுத்திய கேள்வி.

அழைப்புகள் எவ்வளவு வேறுபடும் என்பதை நானே ஒரு முறை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பனியன் வேஸ்ட் குடோன் ஒரு கோடை இரவில், ஒன்றரை மணியளவில், தீப்பற்றியது. சித்தப்பா அப்போது திருப்பூரில்தான் பணியில் இருந்தார். தெருவே விழித்துக்கொண்டு ஓடியது, நானும் ஓடினேன். கூரைக்கு மேல் எழுந்த சுவாலை முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. கூடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கட்டிங் வேஸ்டை அழுத்திக் கட்டிய பேல்களில் மேலே நனைந்தாலும் உள்ளே நெருப்பு புகைந்துகொண்டே இருக்கும். குழாயை எவ்வளவு நேரம் பிடித்தாலும் தண்ணீர் அந்த இறுக்கத்துக்குள் இறங்காது. ஆகவே ஒவ்வொரு பேலையும் கொக்கி போட்டு இழுத்து வெளியே கொண்டுவந்து, கட்டுக்கம்பியை வெட்டி, கையால் பிரித்து, பிரித்த ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, நனைந்ததைத் தனியே ஒதுக்கி, அடுத்த பேலுக்குப் போகவேண்டும். 4,500 லிட்டர் கொள்ளளவுள்ள வண்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பாய்ச்சினால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. விடிந்த பிறகு ஒரு ஜேசிபி வந்து பின்சுவரை இடித்து வழி செய்தது. பிற்பகலில் அம்மா தூக்குப்போசியில் தயிர்ச்சோறு கொடுத்தனுப்பினார். சித்தப்பா அதை வாங்கக் கையை நீட்டியபோது உள்ளங்கையைப் பார்த்தேன். நீரில் ஊறி ஊறித் தோல் வெளுத்துச் சுருங்கி, விரல் இடுக்குகளில் கம்பி கிழித்த கோடுகள் சிவந்திருந்தன. கையால் சாப்பிட முடியாமல் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். மாலை ஐந்தரை மணிக்குத்தான் வண்டி நிலையத்துக்குத் திரும்பியது. மொத்தம் பதினாறு மணி நேரம்.

நிலையத்துப் பதிவேட்டில் அது ஒரு வரி. அழைப்பு வந்த நேரம், இடம், தன்மை, திரும்பிய நேரம், அவ்வளவுதான். அதே வாரத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் புகுந்த சாரைப்பாம்பைப் பிடித்து நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்ததும் ஒரு வரி. ஆண்டு முடிவில் கூட்டும்போது இரண்டு வரிகளுக்கும் ஒரே மதிப்பு. தமிழ்நாட்டில் தீ அழைப்புகளைவிட மீட்பு அழைப்புகளே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், வீடுகள் நெருங்கிய பகுதியில் இருக்கும் நிலையத்தின் எண்ணிக்கை தானாகவே ஏறிவிடும். காங்கேயத்துக் கொப்பரைக் களங்களையும் அரிசி ஆலைகளையும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் தொழிற்சாலைகளையும், பெருந்துறை சிப்காட்டையும் காக்கும் நிலையங்களுக்குக் குறைவான வரிகளும் ஒவ்வொரு வரிக்குள்ளும் நீண்ட நேரமும் அமைவது இயல்பு. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்ததை ஊரே பார்த்தது. அதையும் எண்ணிக்கையில் ஓர் அழைப்பு என்று எழுதிவிட முடியும்.

நியூயார்க் தீயணைப்புத் துறையில் இந்தச் சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு வண்டியையும் அதன் அலுவலரையும் ஆட்களையும் சேர்த்துக் கம்பெனி என்று அழைக்கிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்குக் கம்பெனி என்றால் வேறொன்று நினைவுக்கு வரும் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். பம்பும் குழாயும் கொண்டு தண்ணீர் பாய்ச்சுவது எஞ்சின் கம்பெனி. ஏணி ஏறுவது, கதவை உடைத்து நுழைவது, உள்ளே அகப்பட்டவர்களைத் தேடுவது, புகை வெளியேற வழி திறப்பது ஆகியவை லேடர் கம்பெனியின் பொறுப்பு. இரண்டும் வெவ்வேறு வேலை என்பதால் எஞ்சினை எஞ்சினோடும் லேடரை லேடரோடும்தான் ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். வண்டி எத்தனை முறை புறப்பட்டது என்பது ஓர் எண். போன இடத்தில் எத்தனை முறை உண்மையாகவே இறங்கி வேலை செய்யவேண்டியிருந்தது என்பது இன்னோர் எண். முதலாவதை ஓட்டம் என்றும் இரண்டாவதை உழைப்பு என்றும் நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அந்நகரின் தெற்கு பிராங்க்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளை அங்குள்ள தீயணைப்பாளர்கள் இன்றும் போர்க்காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். ஒரே இரவில் ஒரு கம்பெனி பத்துக்கும் மேற்பட்ட முறை புறப்படுவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. தெருமுனை எச்சரிக்கைப் பெட்டிகளை யாரோ இழுத்துவிட்டு ஓடும் பொய் அழைப்புகளும் அவற்றுள் ஏராளம். ஓட்டத்தையும் உழைப்பையும் பிரித்து எழுதாவிட்டால், பொய் அழைப்புக்கு விடிய விடிய ஓடிய கம்பெனிக்கும், இரண்டே அழைப்பில் இரண்டு கட்டடங்களுக்குள் நுழைந்து போராடிய கம்பெனிக்கும் வேறுபாடே தெரியாது. நான் இதைச் சொன்னபோது சித்தப்பா இடைமறித்தார். பொய் அழைப்புக்கு ஓடுவதும் உடம்பை அடிக்கிற வேலைதான், தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து வண்டியில் ஏறும்போது அது பொய்யா மெய்யா என்று நெஞ்சுக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு எண்களும் வேண்டும், ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிடக் கூடாது.

அந்த நெருக்கடியில்தான் ராண்டு என்னும் ஆய்வு அமைப்பு நியூயார்க் நகர நிர்வாகத்தோடு சேர்ந்து தீயணைப்பு நிலையங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கியது. பீட்டர் கோலெசர், எட்வர்ட் பிளம் என்னும் இருவர் 1973இல் வெளியிட்ட ஒரு விதியை என்னால் மறக்கமுடியவில்லை. அதை வர்க்கமூல விதி என்கிறார்கள். ஒரு பகுதியின் பரப்பளவை, அழைப்பு வரும் நேரத்தில் கைவசம் இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், தீ நடந்த இடத்துக்கும் மிக அருகிலிருக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அவ்வளவு எளிய விதி, அவ்வளவு பெரிய நகரத்துக்குப் பொருந்தியது.

கோவை மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். கணக்குக்காகப் பத்து வண்டிகள் பத்து இடங்களில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு வண்டிக்கு 25 சதுர கிலோமீட்டர், அதன் வர்க்கமூலம் 5, அதை 0.6 அளவிலான ஒரு மாறிலியால் பெருக்கினால் சராசரித் தொலைவு 3 கிலோமீட்டர். இந்தத் தொலைவைப் பாதியாக்க வேண்டுமென்றால் வண்டிகளை இரட்டிப்பாக்கினால் போதாது, நாற்பது வண்டிகளை நாற்பது இடங்களில் நிறுத்தவேண்டும். நகர்ப்புறத்தில் பத்துச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். அதன்படி கோவைக்கு மட்டும் 25 நிலையங்கள் வேண்டும். மாநகர எல்லைக்குள் அதில் பாதிகூட இல்லாத நிலையில், இருக்கும் நிலையங்களில் யார் வேகமானவர், யார் தாமதமானவர் என்று ஒப்பிடுவதில் பெரும் பகுதி சாலைத் தொலைவை ஒப்பிடுவதாகவே முடிகிறது.

இந்த விதியில் நான் மிகவும் மதிக்கும் சொல், கைவசம் என்பதுதான். பத்து வண்டிகளில் நான்கு வேறு அழைப்புகளில் இருந்தால் எஞ்சுவது ஆறு. கணக்கை மீண்டும் போட்டால் சராசரித் தொலைவு 3 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 3.9 கிலோமீட்டராகிவிடுகிறது. யாரும் சோம்பியிருக்கவில்லை, யாரும் தாமதிக்கவில்லை, ஆனாலும் அடுத்து அழைத்தவருக்கு வண்டி தொலைவாகிவிட்டது. திருப்பூர் வடக்கு நிலையத்து வண்டி ஒரு பெரிய தீயில் மாட்டிக்கொண்டால் அவிநாசியிலிருந்து வண்டி வரவேண்டியிருக்கும், தெற்கு நிலையம் மாட்டிக்கொண்டால் பல்லடத்திலிருந்து வரவேண்டியிருக்கும். வந்த வண்டியின் பதிவேட்டில் அந்த நீண்ட பயணம் தாமதமாகப் பதிவாகும். தன் எல்லைக்கு அப்பால் உதவிக்குப் போனதால் ஒரு நிலையத்தின் சராசரி கெடுகிறது, உதவி பெற்ற நிலையத்தின் சராசரிக்கு எந்தக் கேடும் இல்லை. ஒப்பீட்டு அட்டவணைகளில் நான் கண்ட அநியாயங்களில் இதுவே மிகக் கொடியது. தன் எல்லைக்குள் சென்ற அழைப்புகளையும் பிற எல்லைக்கு உதவியாகச் சென்ற அழைப்புகளையும் இரண்டு கட்டங்களில் எழுதினாலே இது தீர்ந்துவிடும்.

ராண்டு செய்த கணக்குகள் அனைத்தும் நல்ல விளைவையே தந்தன என்று சொல்வதற்கில்லை. 1970களில் நியூயார்க் நிதி நெருக்கடியில் சிக்கியபோது சில கம்பெனிகள் மூடப்பட்டன. அவற்றுள் பல, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த, தீ மிகுந்த பகுதிகளில் இருந்தவை. வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்பதையே முதன்மையாகப் பார்த்ததால், நிலையங்கள் நெருக்கமாக இருந்த பகுதியில் ஒன்றை எடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை என்று கணக்கு காட்டியது. ஆனால் அந்த நிலையங்கள் நெருக்கமாக இருந்ததற்குக் காரணமே அங்கே வேலை மிகுதியாக இருந்ததுதான் என்று பின்னாளில் கடுமையாக விமர்சித்தார்கள். எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோமோ அதற்குத் தகுந்தாற்போல நிலையங்கள் மூடப்படவும் திறக்கப்படவும் செய்யும் என்பதால், அளப்பவனுக்கு இதில் பொறுப்பு உண்டு. என் தொழிலில் தவறான ஸாம் போட்டால் ஒரு டைலரின் இன்சென்டிவ் குறையும். இங்கே தவறினால் உயிர் போகும்.

போய்ச் சேரும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் செயல்திறன் என்று பேசுவோர் அனைவரும் முதலில் கேட்பது அதைத்தான். லண்டன் தீயணைப்புப் படை, முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடத்துக்குள்ளும் இரண்டாவது வண்டி எட்டு நிமிடத்துக்குள்ளும் சேரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வின் விவரத்தையும், வண்டிகள் புறப்பட்ட, சேர்ந்த நேரங்களையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2014 ஜனவரியில் அங்கே பத்து நிலையங்கள் மூடப்பட்டன. நகர் முழுவதற்குமான சராசரி இலக்குக்குள்ளேயே இருந்தது. ஆனால் மூடப்பட்ட நிலையங்களைச் சுற்றியிருந்த தெருக்களில் வண்டி வரும் நேரம் கூடியது. சராசரி என்பது ஊரின் ஒரு பக்கத்து லாபத்தைக் கொண்டு மறுபக்கத்து நட்டத்தை மூடிவிடும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2001இல் முதன்முதலாக வெளியிட்ட என்.எஃப்.பி.ஏ. 1710 என்னும் தரநிலை இந்தக் குறையைத் தவிர்க்க வேறு வழியில் போகிறது. மணி அடித்ததிலிருந்து 80 விநாடிக்குள் வண்டி புறப்படவேண்டும், அதிலிருந்து 240 விநாடிக்குள் முதல் எஞ்சின் சேரவேண்டும், அதுவும் சராசரியாக அல்லாமல் நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் என்று அது கேட்கிறது. எனக்கு இந்த இரண்டாவது முறைதான் நேர்மையாகத் தெரிகிறது, ஏனெனில் பின்தங்கிய பத்து அழைப்புகள் எங்கே நடந்தன என்று தேடிப் பார்க்க அது தூண்டுகிறது.

புறப்படும் நேரத்தையும் பயண நேரத்தையும் அது பிரித்து வைப்பதைச் சித்தப்பா மிகவும் விரும்பினார். 'நம்ம கையில இருக்கறது அந்த மொத நிமிஷம் மட்டுந்தான் கண்ணு. அதுக்கப்புறம் ரோடு, டிராபிக், தெருவுல நிறுத்தி வெச்ச டெம்போ, இதெல்லாம் எங்க கையிலயா இருக்குது?' என்று கேட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் சந்துகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் துணி ரோல் இறக்கும் மினி லாரி, நடுவில் மின்கம்பம். நிலையங்களின் செயல்திறனை ஒப்பிடுவதானால் புறப்படும் நேரத்தை வைத்து ஒப்பிடலாம், அது ஆட்களின் பயிற்சியையும் ஒழுங்கையும் காட்டும். பயண நேரத்தை வைத்து மாநகராட்சியையும் நகரத் திட்டமிடலையும் கேள்வி கேட்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி அதன் சுமையை ஓட்டுநரின் தலையில் வைப்பது முறையன்று.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பது இன்னொரு கேள்வி. 101 ஒலித்த கணத்தில் தொடங்குகிறது என்று பதிவேடு சொல்லும். தீக்கு அது தெரியாது. குடோனில் புகை வந்தால் வாட்ச்மேன் முதலில் மேனேஜரை அழைப்பார், மேனேஜர் முதலாளியை அழைப்பார், முதலாளி நேரில் வந்து பார்த்துவிட்டு, தன் ஆட்களைக் கொண்டு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, கைமீறிய பிறகு தீயணைப்பு நிலையத்தை நினைப்பார். சித்தப்பாவின் கணக்கில் பஞ்சுத் தீயில் பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரம் முதலிலேயே தொலைந்துபோயிருக்கும். அமெரிக்கத் துறைகள் சில, தீ தொடங்கிய அறையைத் தாண்டிப் பரவாமல் தடுக்கப்பட்ட நிகழ்வுகள் எத்தனை என்பதைத் திறனுக்கான அளவாக வைத்திருக்கின்றன. விளைவை அளப்பதால் அது நல்ல அளவுகோல்தான். ஆயினும் தாமதமாக அழைக்கும் பழக்கமுள்ள பகுதியையும், உடனே அழைக்கும் பகுதியையும் அதைக் கொண்டு ஒப்பிட்டால், மக்களின் பழக்கத்துக்கு நிலையம் மதிப்பெண் இழக்கும். வண்டி சேர்ந்த கணத்தில் தீ எவ்வளவு பரவியிருந்தது என்பதை நிலைய அலுவலர் ஒரு வரி எழுதி வைத்தால், அங்கிருந்து அது எவ்வளவு தூரம் போக விடப்பட்டது என்பதை ஒப்பிடலாம்.

ஆள் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு சாதாரண வீட்டுத் தீயில் செய்யவேண்டிய 22 பணிகளை வெவ்வேறு ஆள் எண்ணிக்கையில் செய்ய வைத்து நேரம் குறித்தார்கள். வண்டிக்கு நான்கு பேர் இருந்த குழுக்கள், இருவர் இருந்த குழுக்களைவிட 30 விழுக்காடும், மூவர் இருந்த குழுக்களைவிட 25 விழுக்காடும் விரைவாக முடித்தன. எங்கள் தொழிலில் நாங்கள் செய்யும் நேர ஆய்வும் இதே முறைதான் என்பதால் அந்த அறிக்கையை வரிக்கு வரி படித்தேன். இரண்டு பேருக்கும் மூன்று பேருக்கும் இடையே வேறுபாடு சிறியது, நான்காவது ஆள் வரும்போதுதான் நேரம் சட்டென்று குறைகிறது. இருவர் குழாயோடு உள்ளே போனால், பம்பைப் பார்க்க ஒருவர், வெளியிலிருந்து கட்டளையிட ஒருவர் என்று நான்காவது ஆளால்தான் வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது நான் அதிலிருந்து புரிந்துகொண்டது. காலியிடங்கள் நிரப்பப்படாத ஒரு நிலையத்தையும் முழு ஆட்களுள்ள ஒரு நிலையத்தையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஆள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்காமல் வரிசைப்படுத்துவதை எந்தத் தொழிற்சாலையிலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு, பங்குனியில் மீண்டும் தோட்டத்துக்குப் போனபோது, என் தொழிலில் பழகிய முறையையே ஒரு நோட்டில் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு அழைப்பையும் ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிய நிமிடங்களாக மாற்றினேன். சித்தப்பா நினைவிலிருந்து சொன்னார், நான் எழுதினேன். அந்தப் பனியன் வேஸ்ட் தீயில் அவருடைய வண்டியில் ஏழு பேர், பதினாறு மணி நேரம், ஆக 6,720 ஆள்நிமிடங்கள். சாரைப்பாம்புக்கு மூன்று பேர், நாற்பது நிமிடம், ஆக 120 ஆள்நிமிடங்கள். அந்த ஒரு வரிக்குள் ஐம்பத்தாறு பாம்பு வரிகள் அடங்கியிருந்தன.

அடுத்து, வறண்ட கிணற்றில் விழுந்த ஒரு சினைப்பசுவைப் பற்றிச் சொன்னார். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் எண்பது நூறு அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்த கிணறுகள் ஏராளம், மழை பொய்த்த ஆண்டுகளில் அவற்றின் அடியில் முழங்கால் சேறுதான் இருக்கும். கயிற்றில் இறங்கி, மிரண்டு உதைக்கும் மாட்டின் வயிற்றுக்கு அடியில் கயிற்றைக் கொடுத்தால் அது அறுத்துவிடும் என்பதால், அகலமான பழைய தீயணைப்புக் குழாயைத் தட்டையாக மடித்துச் சுற்றி, மேலிருந்து இழுத்தார்களாம். அதற்கு நான்கு மணி நேரம். இறங்கியவர் அவர் ஒருவரே, மேலே ஐந்து பேர். எழுதும்போது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. சேற்றில் நின்றவரின் நிமிடமும் மேலே கயிறு பிடித்தவரின் நிமிடமும் ஒன்றா? எங்கள் தொழிலில் கடினமான வேலைக்குக் களைப்புக்கான சலுகை நேரம் சேர்ப்போம். இங்கே அதை எவ்வளவு என்று வைப்பது? நாங்கள் இருவரும் பேசி, ஒரு முடிவுக்கும் வராமல், சமமாகவே எழுதிவைத்தோம்.

ஆனால் சித்தப்பா என் முறையில் ஓர் அடிப்படைத் தவறைக் காட்டினார், அதை இப்போதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆள்நிமிடங்களைக் கூட்டி, அதை நிலையத்தின் மொத்த நேரத்தால் வகுத்து, பழக்கத்தில் அதைத் திறன் என்று எழுதினேன். ஒரு நாளில் பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்று வந்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'மீதி நேரமெல்லாம் வேஸ்ட்டுன்னு எழுதிப் போட்டயா?' என்று கேட்டார்.

தையல் லைனில் மெஷின் நின்றால் அது நட்டம். நூறு விழுக்காட்டை நோக்கிப் போவதுதான் எங்கள் நோக்கம். தீயணைப்பு நிலையத்தில் வண்டி எண்பது விழுக்காடு நேரம் வெளியே ஓடிக்கொண்டிருந்தால், அடுத்து அழைப்பவருக்கு ஐந்தில் நான்கு முறை வண்டி இருக்காது. அழைப்புகளில் செலவாகும் நேரத்தின் பங்கை அமெரிக்கத் துறைகளும் அளக்கின்றன. இருபத்துநான்கு மணி நேரப் பணியில் அது முப்பது விழுக்காட்டை நெருங்கினாலே ஆட்கள் களைத்துப்போவார்கள், அப்பகுதிக்கு இன்னொரு வண்டி தேவை என்று பல இடங்களில் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ அவசரங்கள், உண்மையான தீ நூற்றுக்கு நான்கைந்துதான் என்பதால் இந்தக் கவலை அவர்களுக்கு இன்னும் மிகுதி. வர்க்கமூல விதியில் கைவசம் என்ற சொல்லைப் படித்து வியந்த நான், நோட்டில் எழுதும்போது அதை மறந்திருந்தேன். வண்டி நிலையத்தில் நிற்கும் நேரம்தான் அந்தக் கைவசம். அந்த நேரத்தில் தினமும் காலையில் வண்டியை இயக்கிப் பம்பைச் சோதித்து, தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து, நனைந்த குழாய்களைக் காயவைத்துச் சுருட்டி, பயிற்சி செய்து காத்திருக்கிறார்கள்.

ஆகவே நோட்டில் இருந்த திறன் என்ற தலைப்பை அடித்துவிட்டேன். இப்போது அதில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன: ஓட்டம், உழைப்பு, ஆள்நிமிடம், பிற எல்லைக்குச் சென்ற உதவி, புறப்பட எடுத்த நேரம். ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். நிலையத்தின் எல்லா வண்டிகளும் வெளியே போய், அந்த ஊருக்கென்று ஒரு வண்டியும் இல்லாமல் இருந்த மணி நேரங்களை அதில் எழுதவேண்டும் என்றார். அழைப்பு எண்ணிக்கையில் அடியிலிருந்த அவருடைய பழைய நிலையத்துக்கு அந்தக் கட்டத்தில்தான் பெரிய எண் வரும் என்று எனக்கும் தோன்றுகிறது, ஏனெனில் அங்கே ஒரே வண்டிதான், ஓர் அழைப்புக்குப் போய்வர இருபுறமும் நெடுந்தூரம். அந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு வைப்பது என்று கேட்டேன்.

"ஊட்ல ஆளில்லாத நேரம்னு எழுதிக்க கண்ணு" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.